அரவணை பீடமா, திருமேனியா? ஆசனமாகச் செதுக்கப்பட்ட வடிவங்களைப் பற்றிய ஒரு விசாரம்

பள்ளிகொண்ட திருக்கோலத்தைச் சிற்பமாகக் கண்டு விவரிக்கிற நூல்களில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. எம்பெருமானுடைய திருக்கைகளை எண்ணி, திருவாபரணங்களைக் குறித்து, சூழ நிற்கும் தேவதைகளைப் பெயரிட்டு முடித்தபின், கடைசியில் ஒரு சொல்லில் "பாம்புப் படுக்கை" என்று எழுதிவிடுகிறார்கள். திருமேனி சிற்பம், அதன்கீழ் உள்ளது தளவாடம் என்கிற பாகுபாடு இதற்குள் மறைந்து நிற்கிறது. கட்டிலுக்குக் கால் வேண்டும், ஆசனத்துக்குச் சாய்வு வேண்டும். அவற்றை அழகாக்கச் சிற்பி பாம்பின் உருவம் கொடுத்தான் என்று கொண்டால் இந்தப் பாகுபாடு சரியே. ஆனால் ஸம்பிரதாயம் அப்படிக் கொள்ளவில்லை. பாம்பின் உருவம் கொண்ட கட்டில் என்று ஆழ்வார்கள் ஓரிடத்திலும் பாடவில்லை. கட்டிலாகிய அனந்தனையே பாடினார்கள். இரண்டு சொற்றொடர்களும் ஒன்றுபோலக் காதில் விழுந்தாலும் அவற்றுக்கு நடுவில் ஒரு ஸித்தாந்தமே நிற்கிறது.

பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியின் ஐம்பத்துமூன்றாம் பாசுரத்தில் திருவனந்தாழ்வானுடைய தொண்டுகளை அடுக்குகிறார். எம்பெருமான் நடந்தருளும்போது குடை, வீற்றிருக்கும்போது அரியணை, நிற்கும்போது மரத்தாலான பாதுகை, கடலில் தெப்பம், பின்னும் விளக்கு, பட்டு, தழுவிக்கிடக்கும் தலையணை. இதே பொருளை ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்னத்தின் நாற்பதாம் சுலோகத்தில் இல்லம், படுக்கை, ஆசனம், பாதுகை, ஆடை, தலையணை, மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு என்று வகுத்து, இத்தனை உருவங்களால் சேஷனாய் நிற்பதனாலேயே உலகத்தார் அவனைச் சேஷன் என்று அழைப்பது தகும் என்று பெயருக்குக் காரணம் சொல்லி முடித்தார்.

இந்த இரண்டு அடுக்குகளிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அடுக்கப்பட்டவை யாவும் வீட்டுச் சாமான்கள். ஆயுதமோ மகுடமோ மலையோ அங்கே இல்லை. அன்றாடம் எடுத்து, பயன்படுத்தி, வைத்துவிடும் பொருள்களையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பாசுரத்தில் முதலில் வரும் மூன்று உருவங்களும் எம்பெருமானுடைய நிலைகளை ஒட்டி வருகின்றன. நடை, இருப்பு, நிலை என்று அவன் மாற, அனந்தனும் மாறுகிறான். தனக்கென்று ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு அதை எம்பெருமானுக்குப் பொருத்துகிறவனாக அனந்தன் சொல்லப்படவில்லை. அமருகிறவனுடைய கோலத்திலிருந்தே ஆசனத்தின் வடிவம் பிறக்கிறது. ஆசனமாகிய சிற்பத்தை மதிப்பிடுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான உரைகல் கிடைக்காது.

ஜைமினி தம் மீமாம்ஸையில் மூன்றாம் அத்தியாயத்தைச் சேஷ விசாரத்துக்கே ஒதுக்கி, பிறிதொன்றின் பொருட்டாக இருப்பதே சேஷம் என்று இலக்கணம் வகுத்தார். நெல் குத்துவது அரிசிக்காக, அரிசி புரோடாசத்துக்காக, புரோடாசம் யாகத்துக்காக. எம்பெருமானார் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் இதை இன்னும் உள்ளே கொண்டுபோய், மற்றொருவனுக்கு ஓர் ஏற்றத்தை உண்டாக்க வேண்டும் என்ற விருப்பத்தாலேயே கொள்ளப்படுவது எதனுடைய ஸ்வரூபமோ அது சேஷம் என்று நிலைநிறுத்தினார். ஆகவே பயன்பாடு என்பது சேஷனுக்கு வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட குணமாக முடியாது. அதுவே அவனுடைய ஸ்வரூபம். கலைநூலார் "சிற்பமாகவும் இருக்கிறது, ஆசனமாகவும் பயன்படுகிறது" என்று இரண்டு தொழில்களைச் சொல்கிற இடத்தில், ஸம்பிரதாயம் ஒன்றைத்தான் காண்கிறது. அனந்தன் ஆசனமாக இருப்பதே அனந்தனாக இருப்பது.

இந்தக் கண்ணோடு கல்லைப் பார்க்க வேண்டும். மாமல்லையின் மஹிஷமர்த்தினி மண்டபத்தில் ஒருபுறச் சுவரில் அனந்தசயனம் வடிக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் பணி. எதிர்ச்சுவரில் துர்க்கையின் போர் இரைந்துகொண்டிருக்க, இங்கே எம்பெருமான் இரண்டே திருக்கைகளோடு நெடுகக் கிடக்கிறான். திருவடிப் பக்கம் மது கைடபர்கள் கதையோடு நிற்கிறார்கள். கீழே பூமிப்பிராட்டி கைகூப்பியிருக்கிறாள். அரவின் உடல் தடித்த மடிப்புகளாய்த் திருமேனியின் நீளத்துக்குச் சரியாக நீண்டு கிடக்கிறது. படங்கள் திருமுடியருகே எழுகின்றன. இந்தக் காட்சியில் அணையையும் பள்ளிகொண்டவனையும் பிரிக்கும் கோடு உளியால் கீறப்பட்ட ஒன்றே. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் ஒரே பாறை. திருமேனியைச் செய்து அணைமேல் வைத்தவர் எவருமில்லை. பிரித்து எடுக்க முயன்றால் இரண்டும் போய்விடும். சரீர சரீரி பாவத்தையும் அப்ருதக்ஸித்தத்தையும் ஓலையில் படித்தவர்கள் அதைக் கண்ணால் காண வேண்டுமானால் இந்தச் சுவரின் முன் சிறிதுநேரம் நிற்கலாம். சிற்பி ஸித்தாந்தம் படித்துச் செய்தான் என்று சொல்லவேண்டியதில்லை. ஒரே பாறையில் குடைய வேண்டும் என்ற தொழில் நிர்ப்பந்தமே அப்படிச் செய்வித்திருக்கலாம். அதனால் காட்சியின் உண்மை குறைவதில்லை.

அதே மாமல்லையில் வராஹ மண்டபத்தில் அரவு வேறு வேலை செய்கிறது. பூமிப்பிராட்டியைத் தாங்கி நிற்கும் ஞானப்பிரானுடைய ஒரு திருவடி நாகராஜனுடைய படத்தின்மேல் ஊன்றியிருக்கிறது. அவன் மனித உடலோடு எழுந்து அஞ்ஜலி செய்கிறான். இதைத் தோற்ற பாம்பு மிதிபடுவதாக எழுதியவர்கள் உண்டு. அஞ்ஜலியைப் பார்த்தபின் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். மிதிபடுவதும் தாங்குவதும் உளியின் வேலையில் ஒன்றுபோலத் தோன்றும். வேறுபாட்டைக் காட்டுவது கீழே இருப்பவனுடைய கைகளே. பொய்கையாழ்வார் சொன்ன பாதுகை இது.

இருப்புக்கு உதாரணம் வாதாபியில் கிடைக்கிறது. சளுக்கிய மங்களேசன் சகம் 500-இல், அதாவது கி.பி. 578-இல், நிறைவேற்றிய மூன்றாம் குகையில் எம்பெருமான் அனந்தன்மேல் வீற்றிருக்கிறான். உடல் சுற்றுச்சுற்றாய் ஏறி ஆசனமாகிறது. அதே உடல் பின்னால் எழுந்து திருமுடிக்குமேல் படங்களாகக் கவிகிறது. அரியணையும் குடையும் வெவ்வேறு பொருள்களாக இல்லாமல் ஒரு தொடர்ச்சியாக ஓடுகின்றன. மாமல்லைச் சயனத்தில் நீண்ட உடல் இங்கே சுருண்டிருக்கிறது. வராஹ மண்டபத்தில் நிமிர்ந்திருக்கிறது. மூன்று இடத்திலும் அனந்தன் ஒருவனே. சிற்பிகள் வேறு, அரசர்கள் வேறு, நாடும் வேறு.

இங்கே ஒரு சங்கை எழும். அணையாக இருப்பது அனந்தனுடைய ஸ்வரூபமாகில், அணையில்லாத சயனங்களை என்ன செய்வது? கடல்மல்லைத் தலசயனத்தில் எம்பெருமான் அரவணை இல்லாமல் தரையிலேயே கிடக்கிறான். திருப்புல்லாணியில் சக்கரவர்த்தித் திருமகன் தர்ப்பைமேல் சயனித்திருக்கிறான். இவை அனந்தனுடைய சேஷத்வத்துக்குக் குறையாகாவோ எனில், ஆகா. அணையாக வேண்டியவன் அப்போது இளைய பெருமாளாய் உடன் வந்திருந்தான். அந்த அவதாரத்தில் எம்பெருமானுக்கு வேண்டியது படுக்கையாக இல்லை, துணையாக இருந்தது. அமருகிறவனுடைய கோலத்திலிருந்து ஆசனம் பிறக்கிறது என்ற உரைகல் இங்கேயும் பொருந்துகிறது. ஆசனமே வேண்டாத கோலத்தில் சேஷன் ஆசனமாக நிற்பதில்லை. தலசயனத்தில் தரையே அணையாகும் பேறு பூமிக்குக் கிடைத்தது.

கல்லை விட்டு மரத்துக்கு வந்தால் விஷயம் மாறிவிடுகிறது. திருக்கோயில் வாகனங்களில் சேஷவாகனம் பெரும்பாலும் மரத்தில் செய்து செம்போ வெள்ளியோ பொன்னோ கவசமிட்டது. திருமலை பிரம்மோத்ஸவத்தில் முதல்நாள் இரவு ஏழு படங்களோடு பெரிய சேஷவாகனமும், மறுநாள் காலை ஐந்து படங்களோடு சின்ன சேஷவாகனமும் புறப்படுகின்றன. இங்கே எம்பெருமானும் ஆசனமும் ஒரே பொருளால் ஆனவர்களல்லர். உத்ஸவர் பஞ்சலோகம், அரவு மரம். அவன் வருகிறான், எழுந்தருளியிருக்கிறான், கட்டவிழ்த்து ஆஸ்தானத்துக்குத் திரும்பிவிடுகிறான். சில நாழிகைகள்தாம் ஆசனம் ஆசனமாக இருக்கிறது. ஆண்டின் மற்ற நாள்களில் அது வாகன மண்டபத்து இருளில் வெறுமையாய்க் காத்திருக்கிறது.

இதனால் மரம் கல்லைவிடத் தாழ்ந்தது என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். கல் காட்டுவது சேஷத்வத்தை. மரம் காட்டுவது சேஷவ்ருத்தியை. முன்னது ஸ்வரூபம், பின்னது கைங்கர்யம். மாமல்லை அரவு எம்பெருமானை ஒருபோதும் பிரியாது, அதனால் அதற்குக் காத்திருத்தல் என்பதும் இல்லை. மர அரவுக்குப் பிரிவு உண்டு. ஆகவே ஏக்கமும் உண்டு, பேறும் உண்டு. ஒழிவில்லாத காலமெல்லாம் அடிமை செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிற சேதனன், ஆண்டுக்கு ஒருமுறை தண்டு கட்டப்படும் வாகனத்திலேயே தன் நிலையைக் காண்பான். அதனாலன்றோ ஸ்ரீபாதம் தாங்குவார் சுமக்கும் பல்லக்குக்கும் ‘தோளுக்கினியான்’ என்று பெயரிட்டார்கள்! ஒரு தளவாடத்துக்கு இட்ட பெயரில் அதன் அழகோ விலையோ பேசப்படவில்லை. சுமக்கிறவனுடைய தோள் பெற்ற இனிமையே பேசப்படுகிறது.

பெரிய திருவடியைப் பற்றியும் ஆளவந்தார் அடுத்த சுலோகத்திலேயே இதே வகையில் அருளிச்செய்கிறார். அடியவன், தோழன், வாகனம், ஆசனம், கொடி, விதானம், விசிறி என்று வேதமயனான கருடனைச் சாமான்களின் வரிசையில் வைத்தபின், எம்பெருமானுடைய திருவடிகள் நெருக்கியதால் உண்டான தழும்பு அவனுக்கு அழகு என்கிறார். இந்தத் தழும்பைச் சிற்பம் செய்வோரும் சிற்பம் காப்போரும் கவனிக்க வேண்டும். பழைய கருட வாகனங்களிலும் சேஷ வாகனங்களிலும் பீடம் பொருந்தும் இடம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். கயிறு இறுக்கிய இடங்களில் பள்ளம் விழுந்திருக்கும். மரத்துக்கு அவை தேய்மானம். ஆளவந்தாருடைய கணக்கில் அவை திருவாபரணம்.

ஸம்ப்ரோக்ஷணம் என்ற பெயரில் இப்போது நடக்கிற பணிகளில் மிக வருந்தத்தக்கது இந்தத் தழும்புகள் அழிக்கப்படுவதே. தேய்ந்த இடத்தில் மக்கு அப்பி, உப்புத்தாள் இட்டுத் தேய்த்து, எனாமல் வர்ணம் பூசிவிடுகிறார்கள். நீலப் படமும் சிவப்பு நாக்கும் மஞ்சள் வயிறுமாய் அனந்தன் கடைத்தெருப் பொம்மையாகிவிடுகிறான். செதுக்கலின் நுண்மை வர்ணத்தின் தடிப்புக்குள் மூழ்குவது ஒரு குறை. எத்தனையோ தலைமுறை உத்ஸவங்களில் எம்பெருமான் எழுந்தருளியதன் அடையாளமே மறைவது அதைவிடப் பெரிய குறை. மரத்தைப் பூச்சியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பது கடமைதான். எண்ணெய்க் காப்பிட்டுத் துடைத்துக் காக்கிற வழக்கம் தச்சர்களிடம் இருக்கவே இருக்கிறது. பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு.

ஆராதன க்ரமத்தில் வரும் யோகபீடத்தையும் இங்கே சேர்த்துப் பார்ப்பது நல்லது. எம்பெருமானார் நித்ய க்ரந்தத்தில் ஆசன கல்பனையை ஆதாரசக்தி, கூர்மம், அனந்தன், பூமி என்று தொடங்கி மேலே கொண்டுபோகிறார். அந்தப் பீடத்துக்கு அக்னி மூலையில் தர்மம் கால். நிருதி மூலையில் ஞானம். வாயு மூலையில் வைராக்யம். ஈசான மூலையில் ஐச்வர்யம். இதோடு நிற்காமல் கிழக்கு முதலான நான்கு திசைகளிலும் அதர்மம், அஜ்ஞானம், அவைராக்யம், அனைச்வர்யம் ஆகியவையும் அதே பீடத்தின் அங்கங்களாய் நினைக்கப்படுகின்றன. தச்சன் செய்யும் பீடத்தில் மூலைக்கால்கள் சிங்கமாகவோ யாளியாகவோ அமையும். நடுவில் சட்டங்கள் ஓடும். சட்டம் இல்லாமல் கால்கள் நில்லா. அதர்மமும் அவனுடைய ஆசனத்துக்கு வெளியே போக முடியாது என்கிற இத்தனை பெரிய பொருளை ஒரு பீடத்தின் சட்டத்தில் வைத்தார்கள். நாள்தோறும் மந்திரம் சொல்லிப் புஷ்பம் இடுகிறவர்கள் கையின்கீழ் இருக்கும் மரக்காலையும் ஒருமுறை உற்றுப் பார்த்தால் நன்று.

இனி மனிதர் அமரும் ஆசனங்களுக்கு வரவேண்டும். செதுக்குவேலை இன்னும் அழியவில்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்குள்ளவர்கள் ஒரே மரத்துண்டில் முழு உருவத்தையும் எடுக்க வல்லவர்கள். இத்தகைய கைகளுக்கு வேலை கிடைப்பதை விரும்பாதவர் இருக்க முடியாது. ஆனால் கேட்டு வருகிறவர்களின் ஆசை எல்லா நேரமும் கோயிலை நோக்கிச் செல்வதில்லை. நாற்காலிச் சாய்வில் தசாவதாரம், மேசைக்குக் காலாக கருடன், சாய்கதிரைக்குக் கைப்பிடியாக அனந்தனுடைய படம் என்று செய்துகொள்கிற வீடுகள் பெருகிவிட்டன. பக்தியினால் செய்தோம் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆயினும் சாய்ந்து உட்காருகிறவனுடைய முதுகு எங்கே படுகிறது என்பதை அந்தப் பக்தி யோசிக்கவில்லை. யாளி, தாமரை, கொடி, அன்னம், கிளி என்று வீட்டு ஆசனத்துக்குரிய உருவங்கள் மரபில் ஏராளமாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளின் நிலைகளிலும் ஊஞ்சல்களிலும் அவற்றின் அழகைக் காணலாம். அனந்தனும் கருடனும் வேறு வகை. அவர்களுடைய பாரார்த்யம் ஒருவனிடத்தில் குறிப்பிட்டு நிற்பது. அதே உருவத்தை வேறொருவனுக்கு ஆசனமாக்கினால், அமருகிறவன் அறியாமலேயே சேஷியின் இடத்தில் அமர்ந்துவிடுகிறான். அழகாகச் செதுக்கப்பட்டிருந்தால் பிழை குறையும் என்று எண்ணலாகாது. உருவம் எவ்வளவு உயிரோடு இருக்கிறதோ அவ்வளவுக்குப் பிழை கூடுகிறது.

இதற்கும் இரண்டு எதிர்ப்புகள் உண்டு, இரண்டும் வலியவை. முதலாவது கௌஷீதகி உபநிஷத்தின் பர்யங்க வித்யை. அங்கே அளவற்ற ஒளியுடைய கட்டில் ஒன்று வர்ணிக்கப்படுகிறது. சென்ற காலமும் வருங்காலமும் அதன் முன்கால்கள். ஸ்ரீயும் இரையும் பின்கால்கள். ருக்கும் ஸாமமும் நெட்டுப்பின்னல், யஜுஸ் குறுக்குப்பின்னல். அந்தக் கட்டிலில் முக்தன் தன் காலை வைத்து ஏறுகிறான் என்று ச்ருதி சொல்கிறது. அப்படியானால் ஜீவன் அந்த ஆசனத்தை மிதிக்கலாம் என்று ஆகிறதே? ஆகிறதுதான். ஆனால் அவன் ஏறும்போது கட்டில் வெறுமையாக இல்லை. அதில் பரப்ரஹ்மம் எழுந்தருளியிருக்கிறது. அவனிடம் சேருவதற்காகக் கட்டிலில் ஏறுவதும், அவனை நீக்கிய கட்டிலில் தான் அமருவதும் ஒன்றாகா. தந்தையின் மடியை நாடிக் கட்டிலில் ஏறும் குழந்தையைப் படுக்கையை அபகரித்தவன் என்று யாரும் சொல்லார்.

இரண்டாவது, மணவாள மாமுனிகளுடைய திருக்கோலம். பல திவ்யதேசங்களில் அவர் அனந்தன்மேல் வீற்றிருக்கும்படியே எழுந்தருளப்பண்ணப்பட்டிருக்கிறார். திருவரங்கத்தில் பெரிய திருமண்டபத்தில் ஓராண்டுக் காலம் ஈடு கேட்டருளிய நம்பெருமாள், சிறுபிள்ளையாய் வந்து தனியன் ஸமர்ப்பித்து, தம்முடைய சேஷபீடத்தை ஆசார்ய ஸம்பாவனையாகத் தந்தருளினார் என்பது ஐதிஹ்யம். ஆகவே அது அவர் எடுத்துக்கொண்ட ஆசனம் அன்று, உடையவன் கொடுத்தது. மேலும் மாமுனிகளே அனந்தனுடைய அவதாரம் என்பது ஸம்பிரதாய நிர்வாஹம். அனந்தன் அனந்தன்மேல் அமர்ந்திருக்கிறான். வேறொருவன் அங்கே வரவில்லை. இந்தத் திருக்கோலத்தைக் காட்டித் தன் கூடத்து நாற்காலிக்கு நியாயம் தேடுகிறவர், கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

எம்பெருமானுடைய சாமான் அடியவனைத் தொடுவதற்கு ஸம்பிரதாயம் ஒரு வழி வைத்திருக்கிறது, அது சடாரி. திருவடிநிலைகளை மேலே தாங்கிய அந்தச் சிறிய மகுடமும் சிற்பமே, பயன்படு பொருளுமே. அது சேதனனுடைய உடலில் படும் இடம் தலை. பரதாழ்வான் சிம்மாசனத்தில் ஏற்றி வைத்ததும், வேதாந்த தேசிகன் ஆயிரத்தெட்டு சுலோகங்களால் பாடியதும் அந்தப் பாதுகையையே. காலுக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள் சிங்காதனம் ஏறியது, அதைக் கழற்றிக் கொடுத்தவன் அவன் என்பதால்.

கடைசியாக, பழைய வாகனங்கள். கோயில்களிலிருந்து எவ்வழியாகவோ வெளியேறிய வாகனங்கள் பழம்பொருள் கடைகளில் நிற்பதையும், அவற்றின்மேல் கண்ணாடிப் பலகை பொருத்தித் தேநீர் மேசையாக்கி விற்பதையும் பலர் கண்டிருக்கிறார்கள். கலைப்பொருள் காப்பாற்றப்பட்டது என்று வாங்கியவர் மகிழக்கூடும். அக்னி புராணம் ஜீர்ணோத்தாரம் சொல்லும் இடத்தில், பழுதான கல் திருமேனியை நீரிலும் மரத் திருமேனியைத் தீயிலும் சேர்க்கச் சொல்கிறது. வாகனம் திருமேனி அன்றே, அதற்கு இந்த விதி ஏன் என்று கேட்பார்க்கு, இந்த விசாரத்தின் தொடக்கத்திலிருந்த கேள்வியே திரும்பி வருகிறது. கண் திறந்து ப்ரோக்ஷணம் செய்து, எம்பெருமானை ஏந்திய அனந்தனைச் சாமான் என்று தள்ளிவிட முடியாது. படம் ஒடிந்த சேஷவாகனம் மண்டபத்து மூலையில் கிடக்குமானால், நல்ல தச்சனைக் கொண்டு ஒடிந்ததை மட்டும் சேர்த்து மறுபடி தண்டு கட்டலாம். மரம் உளுத்துப்போயிருந்தால் கவசத்தைக் கழற்றிப் புதியதற்கு அணிவித்து, பழைய மரத்தை அக்னியில் சேர்க்கலாம். கவசத்தை எடுத்துவிட்டால் கீழே மரத்தில் உத்ஸவரின் பீடம் அமர்ந்த பள்ளமும் கயிறு கோத்த துளைகளும் தெரியும். கடையில் நிற்கும் வாகனங்களிலும் அந்தத் துளைகள் அப்படியே இருக்கின்றன.